புழு இல்லை

என்னங்க,

யுவராணியை ராஜபாளையம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன். மில்லுக்குள் உங்களுக்குப் போன் போகவில்லை. காலையில் காய்ச்சல் விட்டதும் நிம்மதியாக இருந்தேன். மத்தியானம் வயிறு வலிக்கிறது என்று சுருண்டவள் மூன்று தடவை வாந்தி எடுத்துவிட்டாள். இப்போது கைகால் சில்லிட்டுக் கிடக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

டெங்குவாக இருக்குமோ என்று காய்ச்சல் வந்த அன்றைக்கே நீங்கள் கேட்டீர்கள். "தெருத்தெருவாப் போயி கொசுப்புழு பாக்குறவ நான். எனக்குப் பாடம் எடுக்காதிய" என்று எரிந்து விழுந்தேன்.

கிளம்பும்போது அவள் செருப்பைத் தேடி ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் குனிந்தேன். அங்கே கீழ்த்தட்டில் வடிந்த தண்ணீர் நிற்கிறது, அதில் புழு நெளிகிறது. கொட்ட நேரமில்லை. வந்ததும் வெயிலில் மண்ணில் கொட்டிவிட்டு, தட்டை நார் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், கொட்டினால் மட்டும் போகாது.

சோறு இருக்கிறது, ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பீரோவில் இருந்து அவளுடைய ஆதாரையும் ரெண்டு கவுனையும் எடுத்து வாருங்கள்.

தொட்டியை மூடவில்லை என்று போன வாரம் வெள்ளத்தாய் அக்காவைத் தெருவே கேட்கத் திட்டினேன். அவர்கள்தான் இப்போது பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் இருக்கிறார்கள்.

பாண்டீஸ்வரி

கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் கொசுப்புழு சோதனை அட்டையைப் பாருங்கள். ஒன்பது வாரமாக 'புழு இல்லை' என்று எழுதி என் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நம் வீடுதானே என்று ஒரு வாரம்கூட நான் பார்க்கவில்லை.