பாபரோடு மூன்று நாள்

இன்று காலை ஒரு தபால் உறையை ஒட்டுவதற்காகக் கோந்துப் புட்டியைத் திறந்தேன். வாசனை வந்ததும் உறையை மறந்து உட்கார்ந்துவிட்டேன். நீ கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது. கோந்து என்றால் எனக்குக் கல்லூரி. கல்லூரி என்றால் நீ.

ஐம்பதுகளின் தொடக்கம். அப்பா மில் தொழிலாளி. எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். அல்சூரில், எங்கள் பேட்டைப் பள்ளியில், தமிழில் படித்துவிட்டு இண்டர்மீடியட்டில் சயன்ஸ் எடுத்திருந்தேன். அறிவிப்புப் பலகை முழுக்க ஆங்கிலம். யாரைக் கேட்பது என்று தெரியாமல், கூட்டம் போன அறைக்குள் நானும் போய் உட்கார்ந்தேன். பாடமும் ஆங்கிலத்தில்தான். பாபர் என்ற பெயர் மட்டும் அடிக்கடி காதில் விழுந்தது. தாவரவியலுக்கும் பாபருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வெட்கம். மூன்று நாளும் வருகைப் பதிவில் என் பெயரைக் கூப்பிடவில்லை. என்னை நீக்கிவிட்டார்கள் என்றே நினைத்தேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பெண்கள் ஓய்வறையில் அழுதுகொண்டிருந்தேன்.

மழையில் நனைந்த முந்தானையைப் பிழிந்தபடி நீ உள்ளே வந்தாய். அதுவரை நாம் பேசியதில்லை.

"எதுக்கு அழறே?"

சொன்னேன்.

"பேர் என்ன? என்ன குரூப்பு?"

அதையும் சொன்னேன். நீ சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாய்.

"நானும் சயன்ஸ்தான். மூணு நாளா உன் பேரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு லெக்சரருக்குத் தொண்டையே காஞ்சுபோச்சு. நீ ஹிஸ்டரி கிளாஸ்ல என்ன பண்ணிட்டிருந்தே?"

அழுதுகொண்டே நானும் சிரித்தேன்.

உன் குடும்பம் தலைமுறையாக மைசூர் அரசாங்க வேலையில் இருந்தது. கன்னடம் உனக்குத் தண்ணீர்பட்ட பாடு. அலுவலக ஜன்னலில் நின்று, "ஸ்வாமி, இவள ஹெசரு ஸ்வல்ப நோடி" என்று என் பெயரைக் கொஞ்சம் பார்க்கச் சொல்லி, குமாஸ்தாவைப் பெயரேட்டைப் புரட்ட வைத்தாய். என் பெயர் பத்திரமாக இருந்தது, எதிரே மூன்று ஆப்சென்ட்டுடன். இன்னும் நாலு பேருக்கும் அப்படியே.

"இவங்களும் எங்கேயோ பாபரோட உட்கார்ந்திருக்காங்க," என்றாய்.

அன்று மாலையே ஒரு பெரிய தாளில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதினோம். எந்த வகுப்பு எந்த அறையில், நூலக அட்டைக்கு யாரைப் பார்ப்பது, டாக்டர் என்றைக்கு வருவார், ஹாஸ்டல் விண்ணப்பம் எங்கே கிடைக்கும். அனுமதி கேட்காமல் பலகையின் நடுவிலேயே கோந்து தடவி ஒட்டினோம்.

மறுநாள் பிரின்சிபால் கூப்பிட்டு அனுப்பினார். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் கையும் வியர்த்துத்தான் இருந்தது. நம் தாள் அவர் மேசைமேல் விரிந்து கிடந்தது.

"டாக்டர் வருவது செவ்வாய் இல்லை, புதன். திருத்தி மறுபடி ஒட்டுங்கள்," என்றார் ஆங்கிலத்தில். அன்று ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது.

அடுத்த ஆண்டு சேர்க்கை நாட்களில் வராந்தாவில் நமக்கென்றே ஒரு மேசை போட்டார்கள். ஆனேக்கல்லிலிருந்து டிரங்குப் பெட்டியோடு வந்து நின்ற ஒரு மாணவனிடம் நீ ஃபாரத்தை நீட்டவில்லை.

"முதல்ல போய்ச் சாப்டுட்டு வாங்க. பசியோட எழுதினா அப்பா பேரையே தப்பா எழுதுவீங்க."

அவன் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, ஒரு அடித்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்தான்.

பிறகு நான் ஆசிரியை ஆனேன். ஓய்வு பெற்ற பின்னும் அல்சூரில் மாலை வகுப்பு எடுக்கிறேன். புதியவர்கள் வரும் முதல் நாள், "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அதனால் முதலில் பாபர் கதையைச் சொல்லிவிடுகிறேன், நீ சுவரில் சாய்ந்து சிரித்தது உட்பட. எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிப்பு அடங்கும்போது, கடைசி வரிசையில் ஒரு கை மெல்ல உயரும்.