அப்பாவின் எடை குறைகிறது

மாங்கெரே,
வியாழன் இரவு

அன்பு மகன் ஃபலானிகோவுக்கு, ஆண்டவர் தயவால் அப்பா, நான், தங்கை அய்லினி எல்லோரும் இங்கே சுகம். அந்தத் தெற்குத் தீவுக் குளிரில் நீயும் சுகமாக இருக்க மாலைதோறும் ஜெபிக்கிறோம். ஒரு நல்ல செய்தி. சபையின் எடைக்குறைப்புப் போட்டியில் அப்பாதான் முதலில் நிற்கிறார், போன வருடம் சட்டைக்குப் பொத்தான் போட முடியாதவர் இப்போது இடுப்பில் லாவாலாவா வேட்டி நிற்காமல் பெல்ட் கட்டிக்கொள்கிறார். சனிக்கிழமை கடைசி நிறுவை, போதகரம்மா அவரை மேடையேற்றப் போகிறார்கள். உன் இறைச்சி ஆலையிலிருந்து கொழுப்பு ஆட்டிறைச்சி எதுவும் அனுப்பிவிடாதே, பார்த்தால் அவர் மனம் தளர்ந்துவிடும்.

அண்ணா, இதுவரை அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. அவள் ஆபீஸ் துடைக்கும் வேலைக்குப் போய்விட்டாள். மிச்சத்தைப் போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு நானாக எழுதுகிறேன், அவளுக்குத் தெரியாது. அப்பா இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டார். மருந்துப் புட்டிகள் குளிர்பெட்டியில் டாரோக் கீரைக்கட்டுக்குப் பின்னால் சீல் உடைக்காமல் கிடக்கின்றன. கேட்டால், "அந்த ஊசிதாண்டி ஒடம்ப ஊத வைக்குது, போட்டி முடியட்டும், போட்டுக்கறேன்" என்றார். அம்மாவிடம் சொல்லக்கூடாதென்று பைபிள் மேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். போன வருடம் நீயும் சபைக் கூடத்தில் இருந்தாயே, அவர் ஏறியதும் தராசு முள் முட்டி நின்றது, மலாக்கி மாமா மைக்கில் அப்பாவைக் காட்டி, "ஃபிலெமோனிய லாரி நிறுக்கற எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா" என்றார், எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

இப்போது அதே கூடத்தில் அவருக்குக் கை தட்டுகிறார்கள். "பாருங்கடி, கல்யாண மாப்பிள்ள மாதிரி ஆயிட்டாரு! ஒங்க வீட்டு ஆம்பளைங்களயும் இப்படி ஆக்குங்க" என்று போதகரம்மா மற்ற பெண்களைச் சீண்டுகிறார். சபையின் உடற்பயிற்சித் திட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன் அண்ணா, மேளத்துக்கு ஆடி ஆடி அம்மாவின் முட்டிவலி போய்விட்டது, ஞாயிறு விருந்தில் தேங்காய்ப்பால் கூடக் குறைந்திருக்கிறது. ஆனால் அப்பா இப்போது ஆடுவதில்லை, சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறார். அங்கே வகுப்பெடுக்க வந்த நர்ஸ், ஊசி நின்றால் உடம்பு தன்னையே தின்ன ஆரம்பிக்கும், தாகம் அடங்காது, மூச்சில் பழுத்த பழ வாசனை வரும் என்று சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்பாவும் ஆட்டினார்.

இரண்டு நாளாக அவர் அறையில் அந்த வாசனை அடிக்கிறது. போன் அவர் தலைமாட்டில் இருக்கிறது, அதனால்தான் கடிதம். இன்று இரவு தண்ணீர் தண்ணீர் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியாகக் கொண்டுபோனபோது டம்ளரைப் பிடிக்க அவரால் முடியவில்லை, "லோசா, மழ வருது, பாயை எடு" என்றார். லோசா அத்தை செத்து எத்தனை வருடமாகிறது! என்னைப் பார்த்தே சொன்னார். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. மூச்சு மட்டும் சுவரைத் தாண்டிக் கேட்கிறது, வெகுதூரம் ஓடிவந்தவர் விடுவது போல.

எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் சனிக்கிழமை போயிருக்கும். நான் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றே ஆம்புலன்சுக்குப் பேசப் போகிறேன். கேட்டால் கேட்கட்டும். பிறகு அம்மாவுக்குச் சொல்வேன். சத்தியத்தை மீறிய பாவம் என்னோடு இருக்கட்டும்.

முடிவில் அம்மா எழுதச் சொன்னது: ஆண்டவர் உன் தலைமேல் கைவைத்துக் காக்கட்டும், குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, பதில் போட மறக்காதே. அவள் சொன்ன முதல் வரியை நான் அடிக்கவில்லை, அவள் நம்பித்தான் சொன்னாள். நீ நம்பாதே அண்ணா. கிளம்பி வா.

உன் தங்கை,
அய்லினி