இன்றைக்கு மட்டும் ‘உம்’ கொட்டாதீர்கள்

என்னங்க,

கம்ப்யூட்டர் இன்னும் கண் திறக்கவில்லை. அதை உயிர்ப்பிக்கும் ரெகவரி பென்டிரைவை எல்லா ஓட்டையிலும் மாற்றி மாற்றிச் செருகிவிட்டேன். திரையில் அதன் பெயரே வரமாட்டேன் என்கிறது. ரிப்பேர்க்காரர் மதியம் வருவார், இதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாமா சார்?" என்று அவர் கேட்டால், வழக்கம்போல் செல்போனைப் பார்த்தபடியே "உம்" கொட்டிவிடாதீர்கள். திங்கட்கிழமை நேர்காணலுக்கு நான் வரைந்த வீட்டு வரைபடங்கள் அதில்தான் இருக்கின்றன. வேறெங்கும் பிரதி இல்லை.

சோறு அடுப்பு மேல். குழம்பைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

பி.கு.: நேற்று, "வேலை கெடைச்சா நான் மட்டும் வெளியூர் போயிடட்டுமா?" என்று கேட்டேன். அதற்கும் "உம்" என்றீர்கள். காதில் விழுந்துதான் சொன்னீர்களா?