முதுகுப் பக்கமாக வந்த அடி

அன்புள்ள ஒரெஸ்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் படுக்காமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், உன் முழங்கால் வீக்கம் வடிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே பிப்ரவரி பிறந்தும் மைனஸ் முப்பது, வண்டி கிளம்பவே அரைமணி ஆகிறது, நீ இருக்கிற ஊரிலோ கடலில் குளிக்கிறார்களாம்.

ஐஸ் ஹாக்கிக் குழு உன்னை இன்னும் இரண்டு வருடம் வைத்துக்கொள்கிறது என்று பேப்பரில் வந்ததை அப்பா வெட்டியெடுத்துக் காபிக் கடையில் ஒருவர் விடாமல் காட்டிவிட்டு வந்தார், எனக்குத்தான் சந்தோஷம் வரவில்லை. பதினெட்டு வயதில் உன்னைத் தேர்ந்தெடுத்தது, பனித்தளத்தில் எதிராளியின் மட்டையிலிருந்து வட்டைப் பறித்து முன்னால் போகிறவனுக்குப் பார்க்காமலே தள்ளிவிடுவாயே, அந்த அழகுக்காக. ஆறு வருடம் சின்னக் குழுக்களோடு பஸ்ஸிலேயே தூங்கி, இரண்டு தடவை முழங்காலைத் திறந்து தைத்து, வேகமெல்லாம் போன பிறகு பெரிய குழுவில் இடம் கொடுத்தார்கள், பெயர் தடுப்பாட்டக்காரன், வேலை ஆளைச் சாய்ப்பது.

நவம்பரில் நீ கோல்பியைச் சாய்த்ததை டிவியில் பார்த்தேன். நம் ஊர்க் குழுவில் நாலு வருடம் உனக்கு ஜோடியாக நின்று தடுத்தவன், நம் வீட்டு மேஜையில் நான் பிடித்த பிரோகிக் கொழுக்கட்டை தின்று வளர்ந்தவன். எதிர்க் குழுச் சட்டை போட்டிருந்தால் அவன் வேறு ஆளா? வட்டை எடுக்க, தளத்தைச் சுற்றியிருக்கிற பலகைச் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தான், முதுகு முழுக்க உன் கண் முன்னால். முன்பெல்லாம் அவன் அப்படித் திரும்பினால் "டேய், பின்னால ஆளு!" என்று தொண்டை கிழியக் கத்துவாய், அன்றைக்குச் சத்தமில்லாமல் வந்து, அவன் தலை பலகையில் மோத இடித்தாய். அப்பாவைக் கேட்டால் "ஆட்டம்னா அப்படித்தான், உனக்கென்ன தெரியும்" என்கிறார். தண்டனையாக உன்னை நாலு ஆட்டம் உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான். கோல்பி இனி ஆடவே முடியாதாம். திரையை இழுத்துவிட்டு இருட்டில் கிடக்கிறான், வெளிச்சம் பட்டால் வாந்தி, பேசும்போது பாதியில் வார்த்தை நழுவிவிடுகிறது. அவன் அம்மா மார்லீன் தபால் நிலையத்துக்கு வேலைக்குப் போவதால் செவ்வாய்க்கிழமைகளில் நான் போய் உட்காருகிறேன். "உம்மவன் ஒரு போன் போட்டானாடி ஒல்யா? ஒரே ஒரு போன்?" என்று வாசலிலேயே கேட்டாள். போன வாரம் கோல்பியே மெதுவாகச் சொன்னான், "அவனைத் திட்டாதீங்க ஆன்ட்டி. அடிக்கலைன்னா திரும்பச் சின்னக் குழுவுக்கே அனுப்பிருவாங்க. நானா இருந்தாலும் அடிச்சிருப்பேன்." பொய், ஒரெஸ்ட். அவன் அடித்திருக்க மாட்டான். உன்னைப் பெற்றவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாளே என்று சொன்ன பொய். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேனே, அந்த வெட்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, வலிக்கு மாத்திரையாக விழுங்காதே. கோல்பிக்குக் காலையில்தான் தலை தெளிவாக இருக்கும், பத்து மணிக்குள் கூப்பிடு, நம்பர் மாறவில்லை. கடவுள் உன்னைக் காக்கட்டும். உனக்கு முதுகைக் காட்டி நிற்கிறவனையும் காக்கட்டும்.

உன் அம்மா,
ஒல்யா