மாமனாரைப் பார்க்காத மருமகன்

பிப்ரவரி 3
மாமியாரின் அறையில் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். "இஸல்மு எங்கே?" என்று கேட்டேன். பேச்சு அப்படியே நின்றுபோனது. நாத்தனார் மெத்து மட்டும் வாயைப் பொத்திச் சிரித்தாள். "அண்ணி! புருஷன் பேரை மாமியார் முன்னாடியா சொல்லுவாங்க?"

நான் பிறந்த துனிஸில் சொல்வோம். வாழ வந்த இந்த நுவாக்சோட்டில் யாரும் முன்கூட்டி எதையும் சொல்வதில்லை. தப்பு செய்த பிறகுதான் தெரிகிறது.

பிப்ரவரி 4
யாரோடும் பேசவில்லை. மணல்காற்று.

பிப்ரவரி 21
வாப்பா என்னைப் பார்க்க வந்துவிட்டார்! ஆனால் இஸல்மு விமான நிலையத்துக்கே வரவில்லை. சாப்பாட்டிலும் உட்காரவில்லை. நடையில் எதிர்ப்பட்டபோது தலைப்பாகையை முகத்தில் இழுத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

"உன் புருஷனுக்கு என் மூஞ்சி பிடிக்கலையாம்மா?" என்றார் வாப்பா.

அறையில் சண்டை போட்டேன். "மாமனார் முன்னாடி வாயைத் திறந்து சாப்பிடச் சொல்றியா? எங்க ஊர்ல அதைவிட மரியாதைக்கேடு உண்டா?" என்கிறார்.

மரியாதையாம். வாப்பா தனியா உக்காந்து சாப்பிட்டாரே, அதுக்குப் பேர் என்ன?

பிப்ரவரி 24
வாப்பா சீக்கிரம் கிளம்புகிறேன் என்கிறார். நானும் கூடவே போய்விடலாமா?

பிப்ரவரி 26
வாப்பா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். நான் போட்ட கூச்சலில் இஸல்மு ஓடிவந்தார். வாப்பா வெறும் துண்டோடு கிடந்தார். இஸல்மு வாசலில் ஒரு கணம் நின்றார். பிறகு கண் மட்டும் தெரிய முகத்தை மூடிக்கொண்டு, குனிந்து, அவரை முதுகில் தூக்கிக்கொண்டார்.

கணுக்கால் எலும்பில் விரிசல். கட்டுப் போட்டிருக்கிறார்கள். இஸல்மு பகல் முழுக்க ஆஸ்பத்திரி அறைக்கு வெளியிலேயே நின்றார். சூப்பை என் கையில் கொடுத்து, "உப்பு போதுமான்னு கேளு" என்றார்.

"உள்ளே வரச் சொல்லேம்மா," என்றார் வாப்பா.

"வர மாட்டார் வாப்பா. உங்க முன்னாடி கூச்சம்."

வாப்பா சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "என்னைத் தூக்கினப்போ அவருக்கு உடம்பெல்லாம் நடுங்குச்சு. என் கனம்தான்னு நெனச்சேன்."

மார்ச் 9
வாப்பா ஊருக்குக் கிளம்பிவிட்டார். காரை இஸல்முதான் ஓட்டினார். பக்கத்தில் இருந்த வாப்பா வழி முழுக்க ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். பாதி வழியில் இஸல்முவின் தலைப்பாகை மூக்குக்குக் கீழே நழுவியது. அவர் அதை ஏற்றிவிடவில்லை.

விமான நிலையத்தில் இறங்கியதும், "கோபமா வாப்பா?" என்று காதில் கேட்டேன்.

"சேச்சே. நான் பார்த்தா அந்தப் பிள்ளைக்கு மூச்சு முட்டுமே."

வாப்பா உள்ளே போன பிறகும் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். இந்த ஊரில் எனக்கு இனி இவர் ஒருவர்தான். அவர் தோளில் சாய்ந்து அழவேண்டும்போல் இருந்தது.

சாயவில்லை. நாலு பேர் பார்க்கிற இடம்.