கடல் தண்ணீரின் மேல் விழுந்த பழி

இன்று காலை தொட்டியின் மூடியைத் திறந்தேன். கடல் வாடை முகத்தில் அடித்தது. திருப்பதியில் கடல் ஏது? தடா தாண்டிக் கடற்கரைக்குப் போய் நாம் இருவரும் கேன்களில் பிடித்து வந்த தண்ணீர்தான். உள்ளே நீ விட்டுப்போன கடைசிக் கான்கிரீட் கட்டை, ஒரு வருடமாக ஊறிக் கிடந்தது.

கடல் தண்ணீரில் குழைத்த கான்கிரீட்டில் இரும்புக் கம்பி துருப்பிடித்துவிடும். கண்ணாடி நாரில் செய்த கம்பிக்குத் துரு கிடையாது. ஆனால் கான்கிரீட் அதை விடாமல் பிடித்துக்கொள்ளுமா என்பதுதான் உன் ஆராய்ச்சி. நான் சித்தூரில் கட்டடங்களுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்துவிட்டு, உன் ஆய்வுக்கூடத்துக்கு உதவியாளனாக வந்தவன்.

முதல் மூன்று கட்டைகளிலும், இயந்திரத்தில் பூட்டி இழுத்ததும் கம்பி வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. நீ சிரிக்கப் பார்த்தாய். "இன்னாணா, இந்தக் கடலு நம்மள ஏமாத்திடுச்சே. காணிப்பாக்கம் இட்டுக்கினு போயி சத்தியம் பண்ணச் சொல்லலாமா?" என்றாய். பொய் சொன்னவன் அந்த ஊர்ப் பிள்ளையார் முன்னால் நிற்கவே நடுங்குவான். "வாம்மா, போலாம்" என்று நானும் பல்லைக் காட்டினேன்.

அடுத்த வாரம் மாணவர்களிடம் புதுக் கம்பி ஒன்றைக் காட்டி, "மேல ஒட்டிக்கினு இருக்குதே மணலு, அதுதான் பிடிமானம்" என்று சொன்னாய். அப்போதுதான் என் தவறு எனக்குப் புரிந்தது. கான்கிரீட் வார்ப்பதற்கு முன் அந்த மூன்று கம்பிகளையும் நான் பிரஷ் போட்டு மணல் உதிரத் தேய்த்திருந்தேன். இரும்பைத் துரு போகத் தேய்த்துப் பழகிய கை, மணலை அழுக்கு என்று நினைத்துவிட்டது. நாலாவது கட்டையை மட்டும், நான் தேய்க்காத கம்பியை வைத்து நீயே வார்த்திருந்தாய்.

அன்றே சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்று பயந்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். கடல் தண்ணீர்தான் மணலை உரித்துவிட்டது என்று நம்பி, அது கட்டடத்துக்கு ஆகாது என்றே நீ எழுதத் தொடங்கினாய். பிறகு காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டாய். உன் மூன்று வருட உழைப்பைப் பொய்யாக்கிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறதம்மா.

இன்று தொட்டியில் ஊறிய அந்த நாலாவது கட்டையை நானே இயந்திரத்தில் பூட்டி இழுத்தேன். கம்பி வழுக்கவில்லை, கட்டைதான் பிளந்தது. மணலில் கான்கிரீட் கெட்டியாக ஒட்டியிருந்தது. கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

உன் நோட்டில் "கடல் தண்ணீர்தான் காரணமா?" என்று அடிக்கோடு போட்டிருந்தாய். அதற்குக் கீழே, "இல்லை. மூன்று கம்பிகளையும் தேய்த்தவன் நான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த நோட்டோடு உன் பேராசிரியர் அறை வாசலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உள்ளே அவர் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார். அடுத்து என்னைத்தான் கூப்பிடுவார்.