மீன் இல்லாத புனித நிக்கோலா

நவம்பர் 8, சனி

எங்கள் கிகிண்டாவிலிருந்து நோவி சாத் நகரம் வரை மூடுபனி. பேருந்தை ஓட்டினேன் என்பதைவிடத் தடவிக்கொண்டு போனேன் என்று சொல்லலாம்.

திரும்பும் வண்டிக்கு நேரம் இருந்தது. இறைச்சி அப்பம் ஒன்று வாங்கிக் கடித்துக்கொண்டே சதுக்கத்துக்கு நடந்தேன். அங்கே நான்கு பேர் கறுப்பு உடை, வெள்ளை முகமூடியோடு முதுகோடு முதுகு சேர்த்து நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு வீடியோத் திரை. திரையில் கோழிப் பண்ணை. மூன்றாவதாக நின்றது என் மகள் நேவெனா. முகமூடி போட்டால் தெரியாதா? இடது பாதத்தை உள்பக்கம் திருப்பி நிற்பது இரண்டு வயதில் வந்த பழக்கம்.

தொப்பிக்காரக் கிழவன் ஒருவன் அவள் முகத்துக்கு நேராகப் போய்க் கத்தினான். "அப்ப நாங்க என்னத்தத் திங்கிறது, புல்லையா?" அவள் அசையவில்லை. முகமூடி போட்டவர்கள் பேசக்கூடாதாம். நான் என்ன செய்தேன்? பத்திரிகைக் கடைக்குப் பின்னால் ஒளிந்தேன். பாதி அப்பத்தைக் கோட்டுப் பையில் திணித்தேன். இப்போது பை முழுக்கக் கொழுப்பு. வீரன்!

நவம்பர் 9, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சுவர்க் கடிகாரம்தான் பேசும். என் மனைவி ரூஷா இறந்த பிறகு அதற்கு எதிர்ப்பேச்சும் கிடையாது.

நேவெனா இங்கே கடைசியாக வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. எல்லாம் அந்த மீனால். இல்லை, மீன் என்ன செய்யும் பாவம். என் வாயால்.

எங்கள் குடும்பத்துப் புனிதர் நிக்கோலா. அவர் நாள் டிசம்பர் 19, நோன்புக் காலத்தில் வரும். அன்றைய விருந்தில் இறைச்சி, முட்டை, பால் எதுவும் கிடையாது. அவளோ வீகன், உயிரினத்திலிருந்து வரும் எதையும் தொடமாட்டாள். போன வருடம் தொலைபேசியில் பெருமையாகச் சொன்னேன்: "எல்லாமே நோன்புச் சாப்பாடு கண்ணு, நீ கண்ண மூடிக்கிட்டுச் சாப்பிடலாம்." வந்தாள். பெரிய கெண்டைத் துண்டாகப் பார்த்து அவள் தட்டில் வைத்தேன்.

"அப்பா, இது மீன்."

"மீன்தான். இறைச்சி இல்லையே?"

மேசையே சிரித்தது. எனக்குத்தான் கைதட்டு கிடைத்தால் நாக்கு நிற்காதே. "மீனுக்கு ஏதும்மா உயிரு? சர்ச்சே அனுமதிச்சிருக்கு!" பக்கத்து வீட்டு லாசா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அவள் ரொட்டியை மட்டும் தின்றுவிட்டு ஆறு மணிப் பேருந்தில் போய்விட்டாள். பிறந்த நாளுக்கு வாழ்த்து அனுப்பினேன். "நன்றி அப்பா" என்று பதில். அவ்வளவுதான்.

இந்த வருடம் வருவாளா? வா என்று கூப்பிட முடியாது. புனிதர் நாளுக்கு எங்களில் யாரும் யாரையும் அழைப்பதில்லை. நாள் தெரிந்தவர்கள் தாமாக வருவார்கள். அழைத்தால் மரியாதைக் குறைவு. யார் வைத்த வழக்கமோ, நன்றாக வைத்தார்கள்.

நவம்பர் 15, சனி

இன்றும் சதுக்கம். கையில் வெறும் ரொட்டி. நேவெனாவைக் காணவில்லை. தைரியம் வந்துவிட்டது.

முகமூடி இல்லாத ஒருத்தி, நின்று பார்ப்பவர்களிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஒலிவேரா என்று பெயர், பல் டாக்டராம். என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, ஒரு நிமிஷம் நின்னு பாருங்களேன்." பார்த்தேன். முட்டைப் பண்ணை. பொரித்த அன்றே ஆண் குஞ்சுகளைப் பிரித்து, நகரும் எந்திரப் பட்டை ஒன்றில் ஓடவிடுகிறார்கள். பட்டை எங்கே போய் முடிகிறது என்பதை எழுதப் போவதில்லை.

"என்ன தோணுது உங்களுக்கு?" என்றாள். பதிலுக்கு நான் கேட்டது இதுதான்: "முட்டைக்கோஸ் இலைச் சுருளுக்குள்ள கறிக்குப் பதிலா என்ன வைக்கிறது?"

அவள் சிரித்துவிட்டாள். "இங்க சண்டை போட்டவங்க உண்டு, அழுதவங்க உண்டு. சமையல் கேட்டவரு நீங்கதான் ஐயா." அரிசியும் பொடித்த வால்நட்டும், வெங்காயத்தை மட்டும் அவசரப்படாமல் வதக்கணும் என்றாள்.

"வீட்ல யாராச்சும் வீகனா?"

"மக."

"அட! பேரு என்ன?"

"அவ... வெளியூர்ல இருக்கா."

வெளியூரா? நேவெனா குடியிருப்பது அந்தச் சதுக்கத்திலிருந்து நடக்கிற தூரம்!

நவம்பர் 18, செவ்வாய்

பால் இல்லாத காப்பி. தார்ச்சாலையை நக்கினால் இப்படித்தான் இருக்கும்.

நவம்பர் 23, ஞாயிறு

இறைச்சி, முட்டை, பால் இல்லாமல் ஒரு வாரம் ஓட்டிவிட்டேன். உருளைக்கிழங்கு, பீன்ஸ், சுட்ட மிளகாய்த் துவையல், மறுபடி உருளைக்கிழங்கு. தொப்பை அப்படியே இருக்கிறது. விசுவாசமான தொப்பை.

மகளைச் சரிக்கட்டத்தான் ஆரம்பித்தேன். ஒளிப்பானேன். ஆனால் நேற்றுக் கடையில் முட்டைத் தட்டை எடுத்தவன் திரும்ப வைத்துவிட்டேன். அப்போது அவள் நினைப்பே இல்லை. அந்தப் பட்டைதான் கண்ணில் ஓடியது. இது யாரிடம் சொல்கிற விஷயம்? பணிமனையில் சொன்னால் ஓய்வு பெறும்வரை என்னைக் கோழி என்றுதான் கூப்பிடுவார்கள்.

நவம்பர் 28, வெள்ளி

இன்று நோன்பு தொடங்கியது. தெருவில் பாதி வீட்டில் பீன்ஸ் வாசனை. திடீரென்று நான் மரியாதைக்குரியவன்! பாதிரியார் கிராதிமிர் கடையில் என் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் நோன்பு பலமா இருக்கே காவ்ரா, இளைச்சுட்டயே," என்றார். "ஆமாங்க சாமி," என்று தலையைக் குனிந்துகொண்டேன். இளைக்கவும் இல்லை, நோன்பும் இல்லை. ஒரே வாக்கியத்தில் இரண்டு பொய்யை ஒப்புக்கொண்டாயிற்று.

டிசம்பர் 6, சனி

நோவி சாத்தில் மழை. சதுக்கத்தில் யாரும் இல்லை. அவர்கள் நிற்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நானே நின்றேன். நேவெனாவின் எண்ணை அழுத்தினேன், மணி அடிக்குமுன் வைத்துவிட்டேன். "கெண்டை கிடையாது, வா"ன்னு சொன்னா அது அழைப்பாயிடுமா? ஆயிடும்தான்.

டிசம்பர் 14, ஞாயிறு

லாசா வாளியோடு வந்தான். வருடா வருடம் புனிதருக்கு அவன் தருகிற பரிசு, கால்வாயில் பிடித்த கெண்டைகள் இரண்டு, உயிரோடு. "பாருடா, ஒவ்வொண்ணும் பாதிரியார் கன்னம் மாதிரி! அஞ்சு நாளைக்குத் தொட்டியிலேயே வெச்சுக்க, சேறு வாடை போயிரும்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். "நன்றி லாசா" என்று சொல்லிவிட்டேன். குளியல் தொட்டியில் நீந்துகின்றன.

டிசம்பர் 15, திங்கள்

ராணுவத்தில் குளித்த மாதிரி சமையலறையில் ஒரு வாளித் தண்ணீரில் குளித்தேன். விளக்கைப் போட்டால் பெரியது மேலே வந்து வாயைத் திறக்கிறது. பல் தேய்க்கும்போது அதனிடம் வானிலை பேசினேன். இந்த வாரம் நான் வீட்டில் வாய்விட்டுப் பேசியது இதுதான்.

டிசம்பர் 16, செவ்வாய்

வேலை முடிந்ததும் இரண்டையும் வாளியில் எடுத்துக்கொண்டு கால்வாய்க்குப் போனேன். நாணல் ஓரமாகக் கவிழ்த்தேன். சின்னது உடனே போயிற்று. பெரியது கொஞ்ச நேரம் நின்று யோசித்தது.

லாசா இருந்தான். இருக்கமாட்டானா? அவன் மீன் பிடிக்கிற இடத்திலேயே கொண்டுபோய் விட்ட என் புத்தியை என்ன சொல்ல!

"அடேய் காவ்ரா! என்னடா பண்ற?"

"விட்டுட்டேன்."

"குளிர்ல வெரைச்சுக்கிட்டு நான் புடிச்சத, என் தூண்டிலுக்கு முன்னாலயே விடுறயா? மூளை கீளை கலங்கிருச்சா?"

"என்னால முடியல லாசா."

"உம் பொண்ணு அங்க உக்காந்துக்கிட்டு உன்ன ஆட்டி வெக்கிறா. புனிதருக்கு மீன் இல்லாம விருந்து வைப்பயா? உங்கப்பன் எந்திரிச்சு வருவான்டா!"

"அவ எங்க ஆட்டி வெக்கிறா? அவ எங்கிட்டப் பேசியே ஒரு வருஷமாச்சு."

அவன் தூண்டிலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டான். திட்டியிருந்தால் தேவலை.

டிசம்பர் 19, வெள்ளி

மெழுகுவர்த்தி ஏற்றினேன். பாதிரியார் வந்து ரொட்டியை வெட்டி, அவித்த கோதுமையை ஆசீர்வதித்தார். மேசையில் சுருள், பீன்ஸ், பூசணி அப்பம், பிளம் சாராயம். ரூஷா இருந்தபோதுகூட நான் இவ்வளவு சமைத்ததில்லை. ரூஷா இருந்தபோது நான் சமைத்ததே இல்லை.

வந்தவர்கள் மேசையைப் பார்த்தார்கள், சமையலறைக் கதவைப் பார்த்தார்கள். "மீன் பின்னால வருதா?" வராது என்றேன். பணிமனைக்காரன் ஒருவன், "என்னப்பா, பத்தியச் சாப்பாடா? நிக்கோலாவே நோயாளியா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போன வருடம் இதே சிரிப்புத்தானே. அது எந்தப் பக்கம் உட்கார்ந்தால் எப்படிக் கேட்கும் என்று இன்று தெரிந்தது.

சுருளை மட்டும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள். ஆனாலும் நேரத்தோடு கிளம்பிவிட்டார்கள். லாசா வரவில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் அவன் இருமியது கேட்டது.

ஆறு மணிப் பேருந்து நோவி சாத்திலிருந்து வந்தது, போயிற்று. அவள் வரவில்லை.

அவளுக்கு எப்படித் தெரியும்? இங்கே இன்னும் கெண்டை பொரிகிறது என்றுதானே நினைத்திருப்பாள்? நீ சொன்னாயா காவ்ரா? மீனிடம் பேசத் தெரிந்ததே, மகளிடம் பேசினாயா? வழக்கமாம், மண்ணாங்கட்டியாம்!

டிசம்பர் 20, சனி

இன்று இரண்டாம் நாள் விருந்து. மிச்சத்தைத் தின்ன வருகிறவர்கள் வரும் நாள். எனக்கோ வண்டி. சுருள், கோதுமை, பூசணி அப்பம் எல்லாவற்றையும் ரூஷாவின் பெரிய டப்பாவில் அடுக்கி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். நோவி சாத் வரை பேருந்தே வெங்காய மணம்.

சதுக்கத்தில் சேறும் பனியும். நான்கு முகமூடிகள். ஒலிவேரா தூரத்திலேயே பார்த்துவிட்டாள். "வாங்க வாங்க, இலைச்சுருள்காரரே!"

முகமூடிக்காரர்கள் திரும்பிப் பார்க்கக்கூடாது. ஒன்று திரும்பியது.

போய் நேவெனா முன்னால் நின்றேன். "ரெண்டாம் நாள்மா. வீட்ல மிஞ்சிப்போச்சு."

முகமூடிக்குள்ளிருந்து, "மீனு?"

"இல்ல."

"மேசையிலயே இல்லையா?"

"வீட்லயே இல்ல. நேத்து எல்லாரும் என்னப் பாத்துத்தான் சிரிச்சாங்க."

அவள் முகமூடியைக் கழற்றினாள். மூக்கு சிவந்திருந்தது. குளிரோ என்னவோ. "காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடலப்பா. ஆனா எடத்த விட்டு நகரக்கூடாது."

"குடு. நான் புடிச்சுக்கிறேன்."

திரை நான் நினைத்ததைவிடக் கனம். முகமூடிக்குள் அவள் மூச்சின் ஈரம் இன்னும் இருந்தது. என் பேருந்தில் காலையில் வந்த ஒரு தம்பதி எதிரே நின்றார்கள். புருஷன்காரன் விரலை நீட்டி, "இவனப் பாருடி, இந்தத் தொப்பைய வெச்சுக்கிட்டு! இவனா எலை தழை திங்கிறவன்?" என்றான். வாய்வரை பதில் வந்தது. பேசக்கூடாதே. என் முதுகுக்குப் பின்னால், வாய் நிறையச் சுருளோடு நேவெனா சிரிப்பது கேட்டது.

"ஆடாதப்பா, நேரா நில்லு."

நின்றேன். வண்டி தாமதமாகத்தான் கிளம்பியது.

வீட்டுக்கு வருவாயா என்று நான் கேட்கவில்லை. கிளம்பும்போது டப்பாவுக்குக் கையை நீட்டினேன். அவள் அதைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"காலி டப்பாவத் திருப்பிக் குடுத்தா, அம்மா இருந்தா திட்டுவாங்க. நானே எதாச்சும் செஞ்சு கொண்டுவர்றேன். ஞாயித்துக்கிழமை உனக்கு வண்டி இல்லல்ல?"

இல்லை என்றேன்.